சாபா, சியாங் மாய், லுவாங் நம்தா: மலைக்கிராம நடைக்கு எந்தப் பக்கம் போகலாம்?

தென்கிழக்காசியப் பயணத்தில் இரண்டு நாளை மலைக்கிராம ட்ரெக்கிங்குக்கு ஒதுக்கி வைப்பது இப்போது நம்மவர்களிடமும் வழக்கமாகிவிட்டது. விளம்பரங்கள் எல்லாம் ஒரே அச்சு: அடுக்கு வயல், பூவேலை செய்த உடையில் ஒரு பாட்டி, கிராமத்து வீட்டில் ஒரு ராத்திரி. அந்தப் படங்களை மட்டும் பார்த்து வியட்நாமா, தாய்லாந்தா, லாவோஸா என்று முடிவெடுத்தால், சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்த மாதிரிதான் அமையும். மூன்றிலும் அந்த இரண்டு நாள் போகும் போக்கே வேறு.

தூரம், ஏற்றம், சாப்பாடு, படுக்கை என்று எதை வேண்டுமானாலும் ஒப்பிடலாம். நான் முதலில் பார்ப்பது வேறொன்றை: முன்னால் நடக்கிற கைடு யார்? அந்த ஊர்க்காரரா, நகரத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தவரா? நாம் கொடுக்கும் பணம் எந்த வீட்டுக்குப் போகிறது, நாம் யாரோடு பேசப்போகிறோம் என்பதெல்லாம் பெரும்பாலும் அதிலேயே முடிவாகிவிடும்.

ஒரு காலத்தில் இந்தப் பட்டியலில் முதலிடம் மியான்மரின் கலாவுக்குத்தான். அங்கிருந்து தனு, பா-ஓ மக்களின் ஊர்கள் வழியாக இன்லே ஏரி வரை மூன்று நாள் நடை. பிரிட்டிஷ் காலத்தில் அங்கே போன இந்தியர்களின், நேபாளிகளின் வாரிசுகள் இன்றும் அந்த ஊரில் இருக்கிறார்கள். 2021 பிப்ரவரி ராணுவப் புரட்சிக்குப் பிறகு நாட்டில் சண்டை ஓயவில்லை, அதனால் இப்போதைக்கு அது வேண்டாம். வியட்நாமின் ஹா சியாங்கையும் பலர் சொல்வார்கள். அருமையான இடம்தான், ஆனால் அங்கே எல்லோரும் போவது பைக் சுற்று. நடைக்கான கணக்கில் அது வராது.

சாபா: கூட்டம் அதிகம், பேச்சும் அதிகம்

சாபா, வடக்கு வியட்நாமில் லாவோ காய் மாகாணத்தில் இருக்கிறது. உயரம் சுமார் 1,500 மீட்டர், கிட்டத்தட்ட நம் ஏற்காட்டின் உயரம். ஆனால் இன்னும் வடக்கே தள்ளி இருப்பதால் டிசம்பர், ஜனவரியில் அங்கே உறைபனி விழும், சில வருடம் பனிமழையே பெய்யும். ஏற்காட்டுக்குப் போகிற நினைப்பில் ஒரு மெல்லிய ஸ்வெட்டரோடு போகக் கூடாது. 2014-இல் ஹனோயிலிருந்து விரைவுச்சாலை வந்தபின் பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம்தான். 2016-இல் ஃபான்சிபான் சிகரத்துக்குக் கேபிள் காரும் வந்தது. ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளம் கொண்ட அது, நாம் நடக்கப்போகும் முவாங் ஹோவா பள்ளத்தாக்கின் தலைக்கு மேலேயே போகிறது. அமைதியைத் தேடிப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

வழக்கமான நடை, சாபாவிலிருந்து ஈ லின் ஹோ, லாவ் சாய் வழியாக தா வான் வரை. ஒரு நாளில் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில் இருக்கும். லாவ் சாயில் கறுப்பு ஹ்மோங் மக்கள், தா வானில் ஸாய் மக்கள், மறுநாள் மேலே ஏறினால் சிவப்பு தாவ் மக்களின் ஊர். அரை நாள் நடைக்குள் மொழியும் உடையும் வீடு கட்டும் முறையும் மாறிவிடுகின்றன. நெல் இங்கே வருடத்துக்கு ஒரு போகம்தான். மே, ஜூனில் வயலில் தண்ணீர் கட்டி நாற்று நடுவார்கள், செப்டம்பரில் மஞ்சளாகி அறுவடை. விளம்பரப் படத்தில் பார்த்த வயல் வேண்டுமென்றால் இந்த இரண்டு பருவத்தில் ஒன்றில் போக வேண்டும். பிப்ரவரியில் போனால் பழுப்பு மண்ணும் மூடுபனியும்தான்.

ஊரை விட்டு இறங்கத் தொடங்கியதுமே, கைடு போக இரண்டு மூன்று ஹ்மோங் பெண்கள் தாமாகவே கூட வருவார்கள். முதுகில் கூடை. நாம் விலை உயர்ந்த ஷூவோடு சேற்றில் வழுக்க, அவர்கள் ரப்பர் பூட்ஸோ பிளாஸ்டிக் செருப்போ போட்டுக்கொண்டு நம் கையைப் பிடித்து இறக்குவார்கள். நடந்துகொண்டே பெரணித் தண்டைப் பின்னி ஒரு குட்டிக் குதிரை செய்து கையில் கொடுப்பார்கள். விரல்களில் அவுரிச் சாயத்தின் நீலம் ஏறியிருக்கும். கஞ்சாச் செடி நாரில் நெய்த துணியை மறுபடி மறுபடி சாயத்தில் முக்கி எடுக்கிற கை அது. எத்தனை பிள்ளைகள், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று நம் ஊர் அத்தை மாதிரியே கேள்வி வரும். மதியச் சாப்பாட்டு இடத்தில் கூடை திறக்கும்: பை, பர்ஸ், வளையல். "என்னிடம் வாங்கு" என்பது கெஞ்சலாகவும் இருக்காது, மிரட்டலாகவும் இருக்காது, ஆனால் லேசில் விடாது.

இதைத் தொல்லை என்று எழுதுகிறவர்கள் நிறைய. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு மணி நேரம் கைப்பிடித்து இறக்கியது வேலைதானே, அதற்குக் கூலி கேட்கும் முறை அது. வாங்குகிற எண்ணம் இல்லையென்றால் கை கொடுக்கும்போதே சிரித்துக்கொண்டு சொல்லிவிடலாம். சின்னப் பிள்ளைகளிடம் மட்டும் வாங்காதீர்கள். அப்படி வாங்கினால் அவர்கள் பள்ளிக்கூடம் போக மாட்டார்கள் என்று சாபாவிலேயே அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பெண்களில் பலர் ஆங்கிலத்தைக் கற்றது பள்ளிக்கூடத்தில் அல்ல, பயணிகளோடு நடந்துதான். சாபா சிஸ்டர்ஸ், சாபா ஓ'சாவ் போன்ற அமைப்புகள் வந்ததும் இதன் தொடர்ச்சியாகத்தான். ஹ்மோங் பெண்களே கைடு, அவர்களே கணக்கு வழக்கு. சாபாவின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. நடுவில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஒரு மலைக்கிராமப் பெண்ணோடு இரண்டு நாள் நேருக்கு நேர் பேசிக்கொண்டே நடக்க முடிகிற இடம், இந்த மூன்றில் இது ஒன்றுதான். விதைநெல், மாமியார், காட்டுக்குள் பயிரிடும் கறுப்பு ஏலக்காயின் விலை என்று பேச்சு எங்கே வேண்டுமானாலும் போகும்.

குறையும் சொல்லியாக வேண்டும். காட் காட் கிராமம் ஊரிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். டிக்கெட் எடுத்து, வாடகைக்கு உடை மாற்றிப் படம் எடுத்துக்கொள்கிற இடமாகிவிட்டது. அதை விட்டுவிடலாம். தா வானில் ஹோம்ஸ்டே என்று பலகை போட்ட பல இடங்கள் வெளியூர் முதலீட்டாளர்கள் கட்டிய லாட்ஜ்கள். கைடின் சொந்த வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ தங்க முடியுமா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். மாடித் தட்டில் மக்காச்சோளம் காயும், அதன் பக்கத்தில் கொசுவலைக்குள் மெத்தை, கீழே அடுப்புப் புகை. வசதி குறைவு, ஆனால் போனதற்கு அர்த்தம் உண்டு.

சியாங் மாய்: சுலபம், ஆனால் பேக்கேஜில் கவனம்

மூன்றில் போய்ச்சேரச் சுலபமானது இதுதான். சென்னையிலிருந்து பாங்காக், அங்கிருந்து உள்நாட்டு விமானம், முடிந்தது. மலை நடைச் சுற்றுலா இங்கே 1970-களிலேயே தொடங்கிவிட்டது. தொழிலும் நன்றாகப் பழகிவிட்டது. அந்தப் பழக்கமே இதன் குறையும்கூட.

மே வாங், மே தெங் பக்கம் போகும் இரண்டு நாள் பேக்கேஜ் ஏறக்குறைய எல்லாக் கடையிலும் ஒன்றுதான்: திறந்த வண்டியில் பயணம், மூன்று மணி நேர நடை, அருவிக் குளியல், ஊர் ஓரத்தில் பயணிகளுக்கென்று போட்ட மூங்கில் குடிசையில் தூக்கம், மறுநாள் மூங்கில் தெப்பம், இடையில் யானை. ஜாலியான இரண்டு நாள், இளவட்டக் கூட்டத்துக்குப் பிடிக்கும். ஆனால் கரென் என்ற மலைமக்களின் கிராமத்தில் படுத்து எழுந்தும் ஒரு கரென் குடும்பத்தோடு பத்து வார்த்தை பேசாமல் திரும்பி வர முடியும். கைடு பெரும்பாலும் நகரத்துக்காரர்.

இங்கேயே வேறு வழியும் இருக்கிறது. தாய்லாந்தின் உயரமான சிகரமான தோய் இந்தனோன் (2,565 மீட்டர்) தேசியப் பூங்காவுக்குள் மே கிளாங் லுவாங் என்ற கரென் ஊர். அதையொட்டிய ஃபா தோக் சியூ அருவிப் பாதையில் அந்த ஊர் கைடு இல்லாமல் நடக்க விடமாட்டார்கள். பாதை முடிகிற இடத்தில் அவர்கள் தோட்டத்துக் காப்பி, அவர்களே வறுத்தது. இந்த மலைகளில் அபினிக்குப் பதில் காப்பியும் காய்கறியும் பழமும் வந்ததற்கு 1969-இல் மன்னர் பூமிபோல் தொடங்கிய அரச திட்டம் பெரிய காரணம். அரை நாள் நடைதான், ட்ரெக்கிங் என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். வயதானவர்களும் குழந்தைகளும் கூட வந்தால் இதைவிடப் பொருத்தம் வேறில்லை. ஊரிலேயே தங்கவும் முடியும்.

பேக்கேஜில் ‘நீள்கழுத்து கிராமம்’ என்று ஒரு வரி இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். பித்தளை வளையம் அணியும் கயான் மக்கள் பர்மாவின் சண்டைக்குத் தப்பி வந்தவர்கள். அவர்களைப் பார்க்க நுழைவுக் கட்டணம் வசூலிக்கிறார்கள். 2008-இல் சில குடும்பங்களை நியூசிலாந்து ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தும், தாய்லாந்து வெளியேறும் அனுமதி தரவில்லை என்று ஐ.நா. அகதிகள் அமைப்பே வெளிப்படையாகக் குறை சொன்னது. டிக்கெட் எடுத்து மனிதர்களைப் பார்ப்பதற்கு ட்ரெக்கிங் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

லுவாங் நம்தா: ஏற்பாடு சிறந்தது, வழி நீண்டது

லாவோஸின் வடமேற்கு மூலை, சீன எல்லைக்குப் பக்கம். ‘நம் ஹா’ என்ற பாதுகாக்கப்பட்ட காடு இங்கே 2,200 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. 1999-இல் யுனெஸ்கோ துணையோடு லாவோஸ் சுற்றுலாத் துறை இங்கே ஒரு திட்டம் தொடங்கியது: குழு சின்னதாக இருக்க வேண்டும், ஊருக்கு ஒரு பங்கு போக வேண்டும், ஊர்க்காரர் ஒருவரும் கைடாக வர வேண்டும். இருபத்தைந்து வருடம் கழித்தும் அந்த வழக்கம் தேயவில்லை. கட்டணத்தில் ஊருக்கு எவ்வளவு, காட்டு அனுமதிக்கு எவ்வளவு என்று ஏஜென்சியில் கேட்டுப் பாருங்கள். பிரித்துச் சொல்லத் தெரியாத இடத்தில் பதிவு செய்ய வேண்டாம்.

விலை விஷயத்தில் ஒரு சூட்சுமம். இங்கே தலைக்கு இவ்வளவு என்று ஒரே விலை கிடையாது. ஆள் சேரச் சேரக் குறையும். தனியாளாகப் போனால் கை சுடும், நாலைந்து பேர் சேர்ந்தால் நியாயமாகிவிடும். அதனால் ஏஜென்சி வாசல்களில் நாளைக்கு எந்த நடை, எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்று பலகையில் எழுதியிருப்பார்கள். ஊருக்கு வந்த அன்று சாயங்காலம் ஒரு ரவுண்டு போய் அதைப் பார்ப்பதுதான் முதல் வேலை.

நடை மற்ற இரண்டைவிடக் கடினம். வயல்வெளி குறைவு, காடு அதிகம், ஏற்றம் நெஞ்சை அடைக்கும். மழைக்காலத்தில் அட்டைக்கடி உறுதி. தொடக்கத்தில் கொஞ்ச தூரம் ரப்பர் தோட்டமாகவே இருக்கலாம். சீனச் சந்தையை நம்பி நட்டவை. அதற்கப்புறம்தான் காடு. மதியம் வாழை இலையைத் தரையில் விரித்து, நடுவில் பசையரிசிச் சோறு, சுற்றிலும் மிளகாயும் மூலிகையும் இடித்த துவையல், பச்சை மூங்கில் குழாயில் வேகவைத்த குழம்பு. எல்லோரும் ஒரே இலையில் கையால் எடுத்துச் சாப்பிடுவார்கள். ஸ்பூன் தேடித் தவிக்கும் ஐரோப்பியர்களுக்கு நடுவே நமக்கு அங்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும்.

ஊர்கள் கம்மு, ஆக்கா, லான்டென் மக்களுடையவை. ஆக்கா ஊர் முனையில் மரவாசல் ஒன்று நிற்கும். ஊருக்குள் கெட்டது நுழையாமல் காக்கிற வாசல் அது. தொடக்கூடாது, சாய்ந்து படம் எடுக்கவும் கூடாது. ஊர் ஊஞ்சலும் அப்படித்தான். இதைக் கைடு சொல்லும்வரை காத்திருக்காதீர்கள்.

குறை என்னவென்றால் பேச்சு. நாம் கைடிடம் ஆங்கிலத்தில் கேட்க, அவர் லாவோ மொழியில் சொல்ல, ஊர்க்காரர் ஒருவர் அதை ஆக்கா மொழியில் பாட்டியிடம் கேட்பார். பாட்டி இரண்டு நிமிடம் கை ஆட்டிச் சொன்ன பதில் நம்மிடம் "ஆமாம்" என்று வந்து சேரும். சாபாவில் கிடைக்கிற நெருக்கம் இங்கே கிடைக்காது. ஆனால் ஊர் நம்மை விருந்தாளியாக மட்டுமே பார்க்கும். விற்கிற அவசரம் குறைவு.

2021 டிசம்பரில் லாவோஸ்–சீன ரயில் ஓடத் தொடங்கியதால் வழி முன்பைவிடச் சுலபம். லுவாங் பிரபாங்கிலிருந்து நாதுய் நிலையம், அங்கிருந்து வேனில் ஒரு மணி நேரம். தாய்லாந்துப் பக்கமிருந்து சியாங் காங் பாலம் தாண்டி பஸ்ஸிலும் வரலாம்.

சாப்பாடு, பருவம்

சைவக்காரர்களுக்கு மூன்றுமே சோதனைதான், அளவில்தான் வித்தியாசம். சாபா வீடுகளில் தக்காளி போட்ட டோஃபு, கோஸ், கீரை, சோறு என்று சமாளித்துவிடலாம். முதல் நாளே சொல்லிவிட வேண்டும், மீன் சாஸ் வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாய்லாந்தில் ‘ஜே’ (சுத்த சைவம்) என்றால் புரிந்துகொள்வார்கள். லாவோஸில்தான் கஷ்டம், புளித்த மீன் விழுது எதில் இருக்கும் என்று சொல்ல முடியாது. கையில் பருப்புப் பொடியும் ஊறுகாயும் இருந்தால் பசையரிசியோடு பிரமாதமாகப் போகும். ராத்திரி வீட்டுச் சாராயம் மூன்று நாட்டிலும் வரும். குடிக்காதவர்கள் உதட்டில் தொட்டுவிட்டு வைத்தால் போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சியாங் மாய்க்கும் நம்தாவுக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரை நல்ல காலம். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை காடும் வயலும் எரியும் புகை. சியாங் மாயில் எதிர் மலையே தெரியாது, ஆஸ்துமா இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். சாபாவுக்கு மார்ச் முதல் மே வரை, அல்லது செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் வரை. 2024 செப்டம்பரில் யாகி புயல் மழையில் லாவோ காய் மாகாணத்தின் லாங் நூ என்ற ஊர் மண்சரிவில் புதைந்தது. பெருமழை நாளில் கைடு போக வேண்டாம் என்றால் பணத்தைப் பார்க்காமல் நின்றுவிடுங்கள்.

அப்படியானால் எது?

முதல் தடவை போகிறவர்களுக்கு, மனிதர்களோடு பேசப் பிடித்தவர்களுக்கு என் ஓட்டு சாபாவுக்கு. ஹ்மோங் பெண் கைடு, ஒரு ராத்திரி, தா வானைத் தாண்டிய ஊர். வியட்நாம் இ-விசா 25 டாலர்தான். நன்றாக நடப்பவர்கள், கூட நாலு பேர் இருப்பவர்கள், காடு வேண்டுமென்பவர்கள் லுவாங் நம்தாவுக்குப் போகலாம். குடும்பத்தோடு தாய்லாந்து போகிறவர்கள் மே கிளாங் லுவாங்கில் ஒரு நாள் இருந்துவிட்டு வந்தால் போதும். பத்து நாளுக்கு மேல் கையில் இருந்தால் சியாங் மாயில் இறங்கி, சியாங் ராய், சியாங் காங் வழியாக நம்தா போய், ரயிலில் லுவாங் பிரபாங் வந்து விமானம் பிடிக்கலாம். அந்த வழியில் போனால் சியாங் மாய் ட்ரெக்கிங்கை விட்டுவிட்டு, அந்த நாளையும் நம்தாவுக்கே கொடுத்துவிடுங்கள்.