ஸ்டைரீன் ஷீட்டில் வண்டி கட்டுவது: வருடங்கள் போனபின் எது தாங்குகிறது

கிட் (பாகங்கள் தயாராக வரும் பெட்டி) எதுவும் இல்லாமல் வண்டி மாடலை முழுக்கக் கையாலேயே கட்ட ஆசைப்படுகிறவர் எந்தப் பொருளில் தொடங்கலாம் என்று கேட்டால், ஸ்டைரீன் ஷீட், அதாவது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடு என்றுதான் சொல்வேன். அட்டை, பால்சா மரம், பித்தளைத் தகடு, ரெசின் பிரிண்ட் (ரெசினில் 3டி பிரிண்ட் எடுத்த பாகம்) எல்லாமே என் மேசையில் உண்டு. ஆனால் அலமாரியில் பல வருடம் நின்றும் கோணாமல் இருப்பவை பெரும்பாலும் இந்த வெள்ளை ஷீட்டில் கட்டியவைதான். வாங்கிய வாரத்தில் அது எப்படி வெட்டுகிறது, எப்படி ஒட்டுகிறது என்பதை யாரும் பார்த்துவிடலாம். ஒட்டு முழுக்கக் காய்ந்து, பெயின்ட் ஏறி, காலம் ஓடிய பிறகு என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

முதலில் தடிமன் கணக்கு. 1/24 அளவில், அதாவது நிஜத்தில் 24-இல் ஒரு பங்காகக் கட்டும்போது, 0.5 மி.மீ. ஷீட் என்றால் நிஜத்தில் 12 மி.மீ. இரும்பு. சாதாரண டிப்பர் லாரியின் தொட்டிச் சுவர் அவ்வளவு கனமாக இருக்காது. 0.25 மி.மீ. ஷீட் எடுத்தால் 6 மி.மீ. ஆகிறது, உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, ஆனால் தனியாக நிற்கப் பலம் போதாது. அதனால் சுவரை 1 மி.மீ. ஷீட்டில் கட்டி, வெளியே தெரியும் விளிம்பை மட்டும் உள்பக்கமாகச் சரித்து உப்புத்தாளில் தேய்த்துவிடுகிறேன். பார்ப்பவர் கண் தடிமனை விளிம்பில்தான் அளக்கிறது. விளிம்பு மெல்லிசாக இருந்தால் முழுச் சுவரும் தகடு மாதிரியே தோன்றும். கையால் கட்டிய மாடல் பொம்மை மாதிரித் தெரிவதற்கு நான் பார்த்தவரை பெயின்டைவிட இந்தத் தடித்த விளிம்புதான் பெரிய காரணம்.

வெட்டுவது சுலபம். இரும்பு ஸ்கேலை வைத்து, பிளேடால் லேசாக இரண்டு மூன்று முறை கீறி மடக்கினால் நேர்கோட்டில் உடைந்துவிடும். முழு ஆழமும் வெட்ட வேண்டியதில்லை. கீறிய இரண்டு ஓரத்திலும் பிளாஸ்டிக் மெல்லிய வரப்பாக எழும்பியிருக்கும், விரல் நகத்தால் தடவினால் தெரியும். பிளேடைச் செங்குத்தாகப் பிடித்து அதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அடுத்த தகடு அதன்மேல் சரியாக உட்காராது, பெயின்ட் அடித்த பிறகு ஓரம் முழுவதும் ஒரு கோடு பளிச்சென்று தெரியும்.

போல்ட் தலைகளுக்கு அறுகோணக் குச்சியை மெல்லிய வில்லைகளாக நறுக்கி ஒட்டுகிறேன். எம்16 போல்ட்டின் தலை 24 மி.மீ. அகலம், 1/24 அளவில் சரியாக 1 மி.மீ. வருகிறது. ஒரே மாதிரி பல உருப்படி வேண்டிய வீல் நட்டுகளுக்கு ரெசின் பிரிண்ட் நல்லது. பெரிய தட்டையான பலகைகளுக்கு அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மெல்லிய பிரிண்ட் நாள்பட வளைகிறது, கீழே விழுந்தால் சில்லு சில்லாகிறது.

இனி ஒட்டு. மாடல் எத்தனை காலம் தாங்கும் என்பதைத் தீர்மானிப்பது இதுதான். நான் அதிகம் நம்புவது டாமியா எக்ஸ்ட்ரா தின் மாதிரியான, பிளாஸ்டிக் ஒட்டும் நீர்த்த சிமென்ட். இரண்டு தகட்டையும் சேர்த்துப் பிடித்து, பிரஷ் நுனியை இணைப்பில் தொட்டாலே போதும், திரவம் தானாக உள்ளே ஓடிவிடும். அது பிளாஸ்டிக்கையே கரைத்து ஒன்றாக்குவதால், காய்ந்த பிறகு அந்த இடத்தில் இருப்பது பசையல்ல, ஒரே பிளாஸ்டிக். சூப்பர் க்ளூ வைத்த இணைப்புகள் வருடங்கள் போகப் போக நொறுங்கும் தன்மைக்கு வருகின்றன, பக்கவாட்டில் ஒரு தட்டு பட்டால் துண்டாகக் கழன்றுவிடும். உலோகத்தையும் ரெசினையும் ஒட்ட மட்டும்தான் அதை எடுக்கிறேன். ஜன்னல் கண்ணாடியாக வைக்கும் தெளிந்த பிளாஸ்டிக் பாகங்கள் பக்கம் அது போகவே கூடாது, அதன் ஆவி பட்டு வெள்ளையாகப் பூத்துவிடும்.

சிமென்டிலும் ஒரு சிக்கல் உண்டு. அது உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியேற மாதக்கணக்கில் ஆகும். எல்லாப் பக்கமும் மூடிய டீசல் டேங்க் மாதிரியான பெட்டிகளில் ஆவி தங்கி, சுவர்கள் மெதுவாக உள்வாங்கும். அடியில் 1 மி.மீ. துளை ஒன்று போட்டால் போதும், இது வராது. பெரிய பரப்பில் ஷீட்டின்மேல் ஷீட் ஒட்டும்போதும் கவனம் தேவை. ஒரு பக்கம் மட்டும் மெல்லிய ஷீட் ஒட்டினால் அந்தப் பக்கமாகச் சுருளும், மறுபக்கமும் அதே தடிமனில் ஒன்று ஒட்டிச் சமன் செய்ய வேண்டும். இணைப்புகளை ஒட்டிய அன்றே தேய்த்து பிரைமர் அடித்தால், முதலில் மழமழவென்றிருக்கும் இடத்தில் சில வாரம் கழித்துப் பள்ளம் தெரியும். ஒரு வாரமாவது ஆறப்போட்டுத் தேய்ப்பதுதான் சரி. இந்தப் பொறுமைக்கு மாற்றாகப் பள்ளம் நிரப்பும் எந்தப் புட்டிப் பசையும் எனக்குக் கிடைக்கவில்லை.

டயர் விஷயம் பலருக்கும் தாமதமாகத்தான் தெரியவருகிறது. கிட்டுகளோடு வரும் மெத்தென்ற வினைல் டயரில் இருக்கும் பிளாஸ்டிசைசர் (வினைலை மெத்தென்று வைக்கும் ரசாயனம்) கசிந்து, ஸ்டைரீன் ரிம்மைத் தின்றுவிடும். வண்டி பார்க்க நன்றாகவே நிற்கும், டயரைக் கழற்றினால்தான் ரிம் உருகியிருப்பது தெரியும். ரிம்முக்கும் டயருக்கும் நடுவே குழாய் வேலைக்குச் சுற்றும் டெஃப்லான் டேப் ஒரு சுற்று சுற்றினால் தப்பிக்கலாம். அதே டயர் டயோரமாவின் (மாடலை நிறுத்தும் சிறிய காட்சியமைப்பு) பெயின்ட் அடித்த தரையிலும் தடம் பதிக்கும். ஆகவே டயோரமாவில் நிரந்தரமாக நிற்கப்போகும் வண்டிக்கு ரெசின் டயர்தான் போடுகிறேன்.

டயோரமாவின் தரைக்கு எக்ஸ்பிஎஸ் ஃபோம் (பாலிஸ்டைரீன் நுரைப்பலகை) அருமையான பொருள். ஆனால் ஸ்டைரீனின் உறவு என்பதால் ஸ்ப்ரே பெயின்டில் உள்ள கரைப்பான் பட்டால் குழியாகிவிடும், முதலில் வெள்ளைப் பசையோ அக்ரிலிக் பெயின்டோ ஒரு பூச்சு வேண்டும். மண் தூவி ஊற்றும் பசைநீர் காயும்போது சுருங்கி, மெல்லிய பலகையை இழுத்து வளைக்கும், அதனால் அடிப்பலகையில் சிக்கனம் வேண்டாம்.

புதிதாக ஆரம்பிக்கிறவர் 0.25, 0.5, 1 மி.மீ. ஆகிய மூன்று தடிமன்களில் ஷீட் வாங்கினால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். மிச்சப் பணத்தை ரெடிமேட் பட்டைகளுக்கும் குச்சிகளுக்கும் ஒதுக்குங்கள். 1 மி.மீ. அகலப் பட்டையைக் கையால் ஒரே சீராக நறுக்குவது கஷ்டம். சேஸிஸ், கதவுச் சட்டம், ஏணி என்று எங்கு திரும்பினாலும் அதுதான் தேவைப்படும்.