திண்டுக்கல் மலைக்கோட்டையின் இரு விலைச் சீட்டு: திருப்பூரிலிருந்து ஒரு மதிப்புரை

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருப்பவருக்கு, ஆர்டர் கொடுக்க வரும் வெளிநாட்டு பையருக்கு ஊர் காட்டுவதும் வேலையோடு சேர்ந்தே வரும். சாம்பிள் ஒப்புதலும் ஃபேக்டரி ஆய்வும் சனிக்கிழமையோடு முடிந்து, விமானம் திங்கட்கிழமை என்றால், நடுவில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் இடம் வேண்டும். ஊட்டிக்குப் போய்த் திரும்ப நேரமோ தெம்போ இல்லாதவர்களை நான் பெரும்பாலும் தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு அழைத்துச் செல்கிறேன். கொங்கு நாட்டு எல்லையைத் தாண்டியதும் வந்துவிடுகிற இடம் அது. கோட்டையைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள் என்பதால், அதன் வாயிலில் விற்கப்படும் சீட்டையும், அந்தச் சீட்டு வாங்குகிற பணத்துக்கு என்ன தருகிறது என்பதையும் இங்கே மதிப்பிட விரும்புகிறேன்.

கோட்டையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமலும் இருக்க முடியாது. மதுரை நாயக்கர் மரபின் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் 1605இல் கட்டத் தொடங்கியது. திருமலை நாயக்கர் வலுப்படுத்தியது. 1755 முதல் ஹைதர் அலியின் கையில் இருந்து, பிறகு திப்புவிடமிருந்து ஆங்கிலேயருக்குப் போனது. ஊருக்கு நடுவே தலையணை போலக் கிடக்கும் ஒற்றைப் பாறையின் மேல் ஏறுவதற்கு அந்தப் பாறையிலேயே படி வெட்டியிருக்கிறார்கள். சில இடங்களில் படி என்று தனியாகத் தெரியாமல் சரிவாகவே நீள்கிறது. பத்து மணிக்கு மேல் கல்லின் சூடு செருப்பைத் தாண்டி உள்ளங்காலில் ஏறும். உச்சியில் மூலவர் இல்லாத கோயிலும், அதன் வெற்றுக் கருவறையும், எதிரே சிறுமலையும் இருக்கின்றன. சாமி எங்கே என்று கேட்காத வெளிநாட்டு விருந்தினரை நான் இதுவரை பார்த்ததில்லை. போர்க்காலத்தில் அம்மனையும் சுவாமியையும் கீழே ஊருக்குள் கொண்டுபோய்விட்டார்கள் என்று சொன்னால், பையர்கள் அதைக் கோட்டைச் சுவரைவிட அதிக அக்கறையோடு கேட்டுக்கொள்கிறார்கள்.

இனி சீட்டு. இந்தியத் தொல்லியல் துறை தன் நினைவுச் சின்னங்களை இரண்டு வகையாகப் பிரித்து, 2018 ஆகஸ்ட் முதல் நடைமுறைப்படுத்தியிருக்கும் கட்டணத்தின்படி, திண்டுக்கல் இரண்டாம் வகையில் வருகிறது. இந்தியருக்கு 25 ரூபாய், வெளிநாட்டவருக்கு 300 ரூபாய். ரொக்கமில்லாமல் செலுத்தினால் முறையே 20, 250. பதினைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை எந்த நாட்டைச் சேர்ந்ததானாலும் கட்டணம் இல்லை. மாமல்லபுரம் போன்ற உலகப் பாரம்பரியச் சின்னங்கள் முதல் வகை. அங்கே 40, 600.

பன்னிரண்டு மடங்கு என்று கேட்டதும் பலர் கொதிக்கிறார்கள். ஆனால் கணக்கைப் பின்னோக்கிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 2016க்கு முன் இதே வகைச் சின்னங்களில் இந்தியருக்கு 5 ரூபாய், வெளிநாட்டவருக்கு 100 ரூபாய். அதாவது இருபது மடங்கு. 2016இல் 15, 200 ஆயிற்று. இப்போது 25, 300. வெளிநாட்டவரின் விலை மூன்று மடங்கு உயர்ந்த காலத்தில் நம்முடைய விலை ஐந்து மடங்கு உயர்ந்திருக்கிறது. வெள்ளைக்காரனிடம் அதிகம் வாங்குகிறார்கள் என்ற திருப்தியில் நம்மிடம் எவ்வளவு ஏற்றினார்கள் என்பதை நாம் கவனிக்கவே இல்லை.

அந்த 300 ரூபாயை உண்மையில் யார் கொடுக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். கொங்குப் பக்கத்தில் விருந்தாளி பணப்பையைத் திறந்தால் அது அழைத்துப் போனவருக்குத்தான் குறைவு. நான் அழைத்துச் சென்ற டென்மார்க்காரரோ ஸ்பெயின்காரரோ இதுவரை ஒரு சீட்டுக்கும் காசு கொடுத்ததில்லை. கொடுக்க விட்டதும் இல்லை. நான்கு பையர்கள், எங்கள் பக்கம் இருவர் என்றால் ரொக்கத்தில் 1,250 ரூபாய். அந்தச் செலவு வவுச்சராகி எங்கள் கணக்குப் பிரிவுக்குப் போனபோது, அங்கிருக்கும் அக்கா இரண்டு விதச் சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “ஏனுங்க தம்பி, ஒரே கோட்டைக்கு ரெண்டு ரேட்டா? அவங்களுக்கு மட்டும் மேல வேற என்னங்க காட்டுனாங்க?” என்று கேட்டார். வெளிநாட்டவர் கட்டணம் என்று பெயர் இருந்தாலும், விருந்தோம்பல் வழக்கம் உள்ள ஊரில் அது உள்ளூர்க்காரர் கட்டும் கட்டணமாகவே முடிகிறது. தொகை பெரிதில்லை; அன்று மதியச் சாப்பாட்டுக்கு அதைவிட அதிகம் ஆகிறது. ஆனால் அக்கா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இரு விலை என்ற கொள்கையில் எனக்குப் பெரிய மறுப்பு கிடையாது. கோட்டையைப் பராமரிக்கும் பணம் நம் வரியிலிருந்து வருகிறது. ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளிக் கூடை இறக்கும் தொழிலாளி தன் பிள்ளைகளோடு கோட்டை ஏற வேண்டுமானால் விலை 25 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. உலகமும் இதைத்தான் செய்கிறது. பாங்காக்கின் அரண்மனை வளாகத்தில் தாய்லாந்துக்காரருக்குக் கட்டணம் இல்லை, மற்றவருக்கு 500 பாட். அங்கோர் வாட்டில் கம்போடியர் இலவசமாக நுழைய, மற்றவர் ஒரு நாளுக்கு 37 டாலர் கொடுக்க வேண்டும். இத்தனை காலம் ஒரே விலை வைத்திருந்த பாரிஸின் லூவர் அருங்காட்சியகம்கூட, 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 32 யூரோ என்றும், மற்றவர்களுக்கு 22 யூரோ என்றும் பிரித்துவிட்டது. கோவையிலிருந்து பாரிஸ் போகிறவர் இனி அந்தக் கூடுதல் பத்து யூரோவைக் கொடுத்துத்தான் மோனாலிசாவைப் பார்க்க முடியும். அதனால் ஐரோப்பிய விருந்தினர் இங்கே முகம் சுளித்தால் சொல்வதற்கு நமக்கும் ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கே வித்தியாசம் ஒன்றரை மடங்குக்குள் நிற்கிறது, இங்கே பன்னிரண்டு மடங்கு என்று அவர் திருப்பிச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவது நல்லது.

எனக்கு மறுப்பு இருப்பது வெளிநாட்டவர் என்ற எல்லைக்கோட்டை எங்கே கிழித்திருக்கிறார்கள் என்பதில். தெற்காசிய நாடுகளின் சார்க், வங்காள விரிகுடாவைச் சுற்றிய நாடுகளின் பிம்ஸ்டெக் ஆகிய அமைப்புகளின் உறுப்பு நாட்டவருக்கு இந்தியர் கட்டணமே போதும் என்பது விதி. இலங்கைத் தமிழர் 25 ரூபாயில் நுழைகிறார், அது சரியே. பிம்ஸ்டெக்கில் தாய்லாந்தும் இருப்பதால் பாங்காக்கிலிருந்து வரும் பயணியும் 25 ரூபாயில் நுழைகிறார். அவர் ஊர் அரண்மனையில் நம்மவருக்கு அந்தச் சலுகை இல்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். சேலம், நாமக்கல் பக்கங்களிலிருந்து மலாயா ரப்பர் தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பதால், 300 ரூபாய் கொடுக்க வேண்டும். ஈப்போவிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் கிடா வெட்ட வரும் எங்கள் மாமா, கோட்டைப் படியில் நின்று ஹைதர் அலி கதையை எனக்கே சொல்லக்கூடியவர்; சீட்டின்படி அவர் அந்நியர், மொழியும் கதையும் தெரியாத பாங்காக்காரர் உள்ளூர்க்காரர். வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை, அதாவது ஓசிஐ அட்டை, வைத்திருந்தால் இந்தியர் கட்டணம் போதும் என்று 2021 அறிவிக்கை சொல்கிறது. ஆனால் மூன்று தலைமுறைக்கு முன் தோட்டத்துக்குக் கப்பல் ஏறியவரின் பிறப்புச் சான்றை எந்தத் தாலுகா அலுவலகத்தில் போய்க் கேட்பது?

இந்த விதியை வாயிலில் நடைமுறைப்படுத்துகிறவர் பாடு இன்னும் சிரமம். பல இடங்களில் ஆளின் நிறத்தையும் முகத்தையும் பார்த்தே சீட்டு கிழிக்கப்படுகிறது. பெயர் சொல்லத் தேவையில்லாத ஓரிடத்தில், ஈப்போ மாமாவுக்கு யாரும் எதுவும் கேட்காமல் இந்தியர் சீட்டைக் கொடுத்தார்கள், அவருக்குப் பின்னால் நின்ற, எங்கள் நிறுவனத்தில் தரப் பரிசோதகராக இருக்கும் மணிப்பூர்ப் பெண்ணிடம் “நீங்க எந்த நாடுங்க?” என்று கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். அவர் ஆதார் அட்டையை எடுத்துக் காட்டினார். கைப்பையில் அது எந்த அறையில் இருக்கிறது என்று தேடவே இல்லை, அவ்வளவு பழக்கம். மாமா தன்னிடம் வாங்காத வித்தியாசத்தை அங்கிருந்த உண்டியலில் போட்டுவிட்டு வந்தார். திருப்பூரில் பாதித் தையல் மெஷின்களை வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள் ஓட்டுகிற இந்தக் காலத்தில், முகம் பார்த்து நாடு சொல்லும் சாமர்த்தியத்தை நம்பி ஒரு கட்டண முறையை வைத்திருப்பது சரியாக வராது. எல்லோரிடமும் அட்டை கேட்பதோ, யாரிடமும் கேட்காமல் ஒரே விலை வைப்பதோ, இரண்டில் ஒன்றுதான் நேர்மையானது.

இப்போது கணக்குப் பிரிவு அக்காவின் கேள்வி. கூடுதலாக வாங்கும் 275 ரூபாய்க்கு வெளிநாட்டவருக்குக் கிடைப்பது என்ன? திண்டுக்கல்லில் இருவருக்கும் ஒரே வாயில், ஒரே படி, ஒரே வெயில். தாஜ்மகாலில் இப்படி இல்லை. அங்கே இந்தியருக்கு 50, வெளிநாட்டவருக்கு 1,100, உள்ளே கல்லறை மண்டபத்துக்கு எல்லோருக்கும் தனியாக 200 என்று விலை கடுமையாக இருந்தாலும், வெளிநாட்டவர் சீட்டோடு ஒரு தண்ணீர் பாட்டிலும், காலணி உறையும், வழிகாட்டும் வரைபடமும் கொடுக்கிறார்கள்; தனி வரிசையும் உண்டு. தண்ணீர் பாட்டில் அற்பம் என்று தோன்றலாம். ஆனால் காசு கொடுத்தவருக்குக் கையில் ஏதோ ஒன்று வந்துவிட்டால், தன்னை ஏமாற்றினார்கள் என்ற எண்ணம் எழாது. ஏற்றுமதித் தொழிலில் இருப்பவருக்கு இது நன்றாகத் தெரியும்: ஒரே டி-ஷர்ட்டுக்கு இரண்டு பையர்களிடம் இரண்டு விலை சொல்லாத நிறுவனம் திருப்பூரில் இல்லை, ஆனால் லேபிளாவது பேக்கிங்காவது வேறாக இல்லாமல் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கோட்டையின் வரலாற்றை நான்கு பக்கத்தில் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் அச்சிட்டு, ஒரு பாட்டில் தண்ணீரோடு கொடுத்தால் 300 ரூபாய்ச் சீட்டுக்கு நானே வாதாடுவேன்.

எங்கள் பகுதியின் மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் இந்த முறை எவ்வளவு சீரற்றது என்பது தெரியும். மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் நீலகிரி மலை ரயில் 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் ரயில்வே அதற்கு நாடு பார்த்துக் கட்டணம் வாங்குவதில்லை. பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறும் பாதையில், பல் வைத்த தண்டவாளத்தைக் கடித்துக்கொண்டு நீராவி என்ஜின் பின்னாலிருந்து தள்ள, பையரும் நானும் ஒரே விலைச் சீட்டில் குன்னூர் வரை போயிருக்கிறோம். டென்மார்க்காரர் அதைவிட எத்தனையோ மடங்கு கொடுக்கத் தயாராக இருந்தார். கட்டணத்தில் பேதம் வைக்க நியாயம் மிகுந்த இடம் ஒன்று உண்டென்றால் அது இந்த ரயில். அங்கே பேதம் இல்லை. சீட்டு கிடைப்பதுதான் அரிது.

தீரன் சின்னமலை 1805இல் தூக்கிலிடப்பட்ட சங்ககிரிக் கோட்டையும் அதே தொல்லியல் துறையின் பாதுகாப்பில்தான் இருக்கிறது. அங்கே யாருக்கும் கட்டணமே இல்லை. மேட்டுப்பாளையம், கோவைப் பக்கத்துத் தனியார் கேளிக்கைப் பூங்காக்களில் பிள்ளையின் உயரத்தை அளந்து விலை சொல்வார்கள், கடவுச்சீட்டைக் கேட்பதில்லை. கோயில்களில் சிறப்பு தரிசனச் சீட்டு யார் எந்த நாடு என்று பார்ப்பதில்லை, கையில் காசு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அதைப் பற்றித் தனியாகவே ஒரு மதிப்புரை எழுதலாம். கோவையை ஒட்டிய பேரூர்க் கோயிலின் கனகசபைத் தூண்களின் சிற்பங்களைக் காட்டக் கூட்டிப் போகும்போது சீட்டு என்ற பேச்சே எழுவதில்லை என்பதால், பாதி நாள் மட்டுமே இருக்கும் பையர்களை இப்போது அங்கேதான் அழைத்துப் போகிறேன்.

மதிப்பெண் கேட்டால், கோட்டைக்கு ஐந்துக்கு நான்கு. உள்ளூர்ச் சீட்டுக்கும் நான்கு; 25 ரூபாய்க்கு அந்தக் காட்சி மலிவு. வெளிநாட்டவர் சீட்டுக்கு இரண்டு. அந்த இரண்டில் ஒன்று, பிள்ளைகளுக்கு நாடு பார்க்காமல் இலவசம் வைத்ததற்காக.

விருந்தினரோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வெளிநாட்டவர் சீட்டை ரொக்கமில்லாமல் வாங்கினால் ஆளுக்கு 50 ரூபாய் குறையும்; பையரின் செல்பேசியில் யூபிஐ இருக்காது என்பதால் நீங்களே செலுத்திவிடுங்கள். இலங்கை, நேபாளம், தாய்லாந்து விருந்தினர் கடவுச்சீட்டைக் கையோடு கொண்டுவந்தால்தான் 25 ரூபாய்ச் சலுகையைக் கேட்க முடியும். ஓசிஐ அட்டை வைத்திருக்கும் மலேசிய, சிங்கப்பூர் உறவினர் அதை விடுதியில் வைத்துவிட்டு வரக் கூடாது. தண்ணீரை ஊருக்குள்ளேயே வாங்கிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் ஏறத் தொடங்கிவிடுங்கள்.