போர்க்கால பெய்ரூத்: ஃபழ்லுல்லாஹ்வா, ஷம்சுத்தீனா?

லெபனான் உள்நாட்டுப் போர்க்கால (1975–1990) இஸ்லாமிய அரசியல் சிந்தனையை யாரிடமிருந்து படிக்கத் தொடங்குவது என்று பலரும் தடுமாறுகிறார்கள். முஹம்மது ஹுசைன் ஃபழ்லுல்லாஹ், முஹம்மது மஹ்தி ஷம்சுத்தீன் இருவருமே இராக்கின் நஜஃப் நகரில் பிறந்து படித்து, 1960களில் லெபனான் வந்த ஷியா அறிஞர்கள். ஒற்றுமை அதோடு சரி.

இருந்த இடம்
ஃபழ்லுல்லாஹ்: கிழக்கு பெய்ரூத்தில் நபா என்ற ஏழைக் குடியிருப்பு. 1976இல் கிறிஸ்தவப் படைகளின் முற்றுகையில், குண்டுச் சத்தத்துக்கு நடுவே, இஸ்லாமும் பலமும் குறித்த நூலை எழுதினார். அந்த ஆகஸ்டில் நபா வீழ்ந்தது. தெற்குப் புறநகருக்குப் பெயர்ந்தார். அங்கும் விடவில்லை. 1985 மார்ச் 8 அன்று வீட்டருகே கார்குண்டு. 80 பேருக்கு மேல் பலி, அவர் தப்பினார்.
ஷம்சுத்தீன்: லெபனான் ஷியாக்களின் அதிகாரபூர்வ அமைப்பான உயர் இஸ்லாமிய ஷியா மன்றம். 1978இல் அதன் தலைவர் மூசா ஸத்ர் லிபியாவில் காணாமல் போனதும் பாரம் இவர் தோளில்.

பலம்
ஃபழ்லுல்லாஹ்: பலமில்லாதவன் நியாயம் அம்பலமேறாது.
ஷம்சுத்தீன்: இஸ்ரேலிய ஆக்கிரமிப்புக்கு எதிராக, 1983இல், முழுமையான குடிமக்கள் எதிர்ப்புக்கு அழைப்பு.

ஆட்சி
ஷம்சுத்தீன்: சமூகம் தன்னைத் தானே ஆளட்டும், ஷியாக்கள் தத்தம் நாட்டோடு கலந்து வாழட்டும். (எனக்கு இவர் பக்கம்தான் சாய்வு.)
ஃபழ்லுல்லாஹ்: ஈரான் புரட்சியை ஆதரித்தார்; அதற்காகத் தன் சுதந்திரத்தை அடகு வைக்கவில்லை.

நகரில் தடம்
ஃபழ்லுல்லாஹ் பக்கம் கனம்: 1978இல் அவர் தொடங்கிய மபர்ராத் என்ற அறப்பணி அமைப்பின் அநாதை இல்லங்கள், பள்ளிகள்.

தெருவில் இருப்பவனின் கோபம் புரிய வேண்டுமா, ஃபழ்லுல்லாஹ். பல மதத்தார் ஒரே அரசின் கீழ் வாழும் வழி வேண்டுமா, ஷம்சுத்தீன். நேரம் குறைவு என்றால், 2001இல் இறக்கும் முன் ஷம்சுத்தீன் விட்டுச்சென்ற அறிவுரைகளே போதும்.