கதையை நடிப்பதா, வேடத்தில் வேலை பார்ப்பதா?

சின்ன வகுப்பில் நாடகம் என்றதும் ஆண்டு விழாவை நினைக்க வேண்டாம். மனப்பாட வசனமும் வாடகை உடையும் இந்தக் கணக்கில் வராது. நாடகத்தை வைத்தே அன்றாடப் பாடம் நடத்த இரண்டு வழிகளைப் பார்ப்போம். ஒன்று, சிகாகோவில் மழலையர் ஆசிரியையாக இருந்த விவியன் பேலியுடையது. மற்றது, இங்கிலாந்தின் நாடக ஆசிரியை டோரத்தி ஹீத்கோட்டுடையது.

பேலி வழியில் குழந்தை கதை சொல்லும், ஆசிரியர் எழுதிக்கொள்வார். "புலி வந்துச்சு. அம்மா வந்தாங்க. புலி ஓடிடுச்சு" என்றால் அதை அப்படியே எழுத வேண்டும். திருத்தக் கைதுறுதுறுக்கும், அடக்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் எல்லாரும் வட்டமாக உட்கார, ஆசிரியர் படிக்கப் படிக்கப் பிள்ளைகள் நடுவே வந்து நடிப்பார்கள். தான் வாயால் சொன்னது தாளில் ஏறி, மறுபடி கண்முன் புலியாக வருவதைப் பார்க்கிற பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டு போதும். நாற்பது பேர் இருந்தால் நாளுக்கு இரண்டு கதை என்று முறை வைத்துக்கொள்ளலாம்.

ஹீத்கோட் 14 வயதில் பள்ளியை விட்டுக் கம்பளி ஆலைக்குப் போனவர். பின்னாளில் நியூகாசிலில் ஆசிரியர்களுக்கே பயிற்சி தந்தார். அவர் வழியில் பிள்ளைகள் ஏதாவது ஒரு வேலையில் நிபுணர்களாக வேடமேற்பார்கள், ஆசிரியரும் வேடத்தில் இருப்பார். பிள்ளைகள் யானை டாக்டர்கள் என்றால், ஆசிரியர் தோளில் துண்டோடு யானைப் பாகனாக உள்ளே வந்து, "டாக்டர், யானை ரெண்டு நாளா சாப்பிடலைங்க" என்று கைகட்டி நிற்கலாம். உடனே கேள்விகள் பறக்கும். எவ்வளவு தீனி போட்டீங்க, தண்ணி குடிச்சுதா, கொட்டகை எவ்வளவு நீளம்? கணக்கும் கடிதமும் படமும் அந்த வேலைக்காகவே தேவைப்படும். வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகூட டாக்டராகிவிட்டால் பேசிவிடும்.

ஐந்து, ஆறு வயதுக்கு நான் பேலி பக்கம்தான். ஹீத்கோட் வழி மூன்றாம் வகுப்பிலிருந்து நன்றாக எடுபடும் என்பது என் எண்ணம். பல நாள் ஒரே கற்பனையைப் பிடித்துக்கொண்டு வேலை பார்க்க அந்த வயது தோதானது. ஆனால் அதற்கு ஆசிரியரின் தயாரிப்பு அதிகம். யானையைக் காட்டிலேயே விட்டுவிடலாம் என்று டாக்டர்கள் முடிவெடுத்தால், அன்றைய பாடக்குறிப்பை ஓரமாக வைத்துவிட்டு, காட்டுக்கு எந்த வழியாகக் கூட்டிப்போவது என்று பாகன் கேட்க வேண்டியிருக்கும்.