எதை நினைவில் வைப்பது: ரேடியஸ் சேவையகத்தில் நான்கு கேச் முறைகள்

வைஃபை, விபிஎன் உள்நுழைவுகளைச் சரிபார்க்கும் ரேடியஸ் சேவையகம் பெரும்பாலும் தன்னளவில் மெதுவானதன்று. அதற்குப் பின்னால் நின்று பயனர் கணக்குகளை வைத்திருக்கும் எல்டேப் கோப்பகமோ, தரவுத்தளமோ, கடவுச்சொல்லைத் திரும்பப் பெற முடியாத குறியீடாக மாற்றுபவையும் மெதுவாக இயங்க வேண்டும் என்றே வடிவமைக்கப்பட்டவையுமான பிகிரிப்ட், ஆர்கான்2 போன்ற ஹாஷ் முறைகளோதான் நேரத்தை விழுங்குகின்றன. யூடிபி 1812 போர்ட்டில் அனுப்பிய கோரிக்கைக்குச் சில வினாடிகளில் விடை வராவிட்டால், கருவிகளை வைஃபையில் இணைக்கும் அக்சஸ் பாயிண்ட் அதையே மீண்டும் அனுப்பும். மின்தடை நீங்கி எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் திரும்பி வரும்போது இந்த மறுஅனுப்பல்கள் சுமையை மேலும் பெருக்கும். ஒருமுறை பெற்றதை நினைவில் வைத்து மீண்டும் பயன்படுத்தும் கேச் ஒன்றை வைக்கலாமே என்ற எண்ணம் அப்போதுதான் எழுகிறது. ஆனால் அந்த ஒரே சொல்லால் நான்கு வெவ்வேறு ஏற்பாடுகளைக் குறிக்கிறோம். வேகத்தை மட்டும் அளந்தால் அவற்றிடையே உள்ள முக்கிய வேறுபாடு தெரியாது. ஒரு கணக்கை முடக்கினால் அந்த முடக்கம் எப்போது நடைமுறைக்கு வரும் என்று கேட்கும்போதுதான் வேறுபாடு வெளிப்படும்.

முதலாவது, "இவர் சரியானவர்" என்ற முடிவையே சேமிப்பது. இது எளிதானது என்பதாலேயே பலரும் முதலில் இதைத்தான் நாடுகிறார்கள். கடவுச்சொல் வெளிப்படையாகச் சேவையகத்தை வந்தடையும் பிஏபி முறையிலும், அதையே மறையாக்கப்பட்ட உறைக்குள் அனுப்பும் டிடிஎல்எஸ்-பிஏபி போன்ற முறைகளிலும் மட்டுமே இது பயன்படும். கடவுச்சொல்லை அனுப்பாமல் சவால் எண் ஒன்றுக்கு விடை அனுப்பும் எம்எஸ்-சாப் இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு முறையும் அந்த எண் மாறுவதால், நேற்றைய முடிவைக் கொண்டு இன்றைய விடையைச் சரிபார்க்க முடியாது. இதில் மூன்று பொறிகள் உள்ளன. பயனர் பெயரை மட்டும் தேடுசாவியாக வைத்தால், ஒருவர் சரியாக நுழைந்த பிறகு எந்தக் கடவுச்சொல்லும் செல்லுபடியாகிவிடும். கடவுச்சொல்லை விரைவான சாதாரண ஹாஷாக மாற்றிச் சாவியில் சேர்த்தால், பிகிரிப்ட் தந்த பாதுகாப்பை நாமே பக்கத்து அறையில் கழற்றி வைத்ததாகும். சேவையகம் தொடங்கும்போது உருவாகி நினைவகத்தில் மட்டும் இருக்கும் ரகசியத்தோடு சேர்த்து, அது தெரியாமல் கணக்கிட முடியாத எச்மேக் என்ற ஹாஷைக் கணக்கிடுவதே தகும். மூன்றாவதாக, பயனர் கடவுச்சொல்லை மாற்றிய பின்னும் பழைய கடவுச்சொல் கேச் காலாவதியாகும் வரை ஏற்கப்படும். கடவுச்சொல் கசிந்ததால்தான் அவர் மாற்றினார் என்றால், இதுவே மிகப் பெரிய குறை.

இரண்டாவது, முடிவை விட்டுவிட்டு, கோப்பகத்திலிருந்து பெற்ற பயனர் பதிவை, அதாவது குழு, விலேன் எண் (அவரை எந்த உள்வலையில் சேர்ப்பது என்பது), கடவுச்சொல் ஹாஷ் ஆகியவற்றை, சில நிமிடங்களுக்கு வைத்திருப்பது. கடவுச்சொல் ஒவ்வொரு முறையும் உண்மையாகவே சரிபார்க்கப்படுகிறது. மிச்சமாவது கோப்பகத்துக்குப் போய்வரும் பயணம் மட்டுமே. ஹாஷ் கணக்கீடுதான் தாமதத்துக்குக் காரணம் என்றால் இதனால் பலனில்லை. கோப்பகம்தான் காரணம் என்றால் இதுவே நேரான தீர்வு. திறந்த மூல ரேடியஸ் சேவையகமான ஃப்ரீரேடியஸின் கேச் மாட்யூல் இப்பதிவுகளைத் தன் நினைவகத்திலோ, மெம்கேஷ்ட், ரெடிஸ் ஆகிய தனிச் சேமிப்புச் சேவையகங்களிலோ வைக்கக்கூடியது. நினைவகத்தில் வைத்தால், எல்லோரும் ஒருசேரத் திரும்பி வரும் மறுதொடக்க வேளையில்தான் கேச் வெறுமையாக இருக்கும் என்பதை முன்கூட்டியே எண்ணிக்கொள்ள வேண்டும். (இதற்கெல்லாம் முன்பு, தேடப்படும் புலத்துக்குக் கோப்பகத்தில் இன்டெக்ஸ் உள்ளதா என்று பார்ப்பது நல்லது, பல இடங்களில் கதை அங்கேயே முடிந்துவிடும்.)

மூன்றாவதான டிஎல்எஸ் அமர்வு மீட்பு, அதாவது முன்பு அமைத்த மறையாக்க இணைப்பை அடுத்த முறையும் தொடர்வது, சற்று விரிவாகப் பார்க்கத் தக்கது. டிஎல்எஸ் மீது இயங்கும் உள்நுழைவு முறைகளான பீப், டிடிஎல்எஸ், ஈஏபி-டிஎல்எஸ் ஆகியவற்றில் ஒரு முழு உள்நுழைவுக்கு ஏறத்தாழ பத்துச் சுற்றுப் பரிமாற்றங்கள் ஆகலாம். அமர்வை மீட்டால் சான்றிதழ் பரிமாற்றமும், பீப், டிடிஎல்எஸ் ஆகியவற்றில் உறைக்குள் நடக்கும் உள்ளடுக்குச் சரிபார்ப்பும் தவிர்க்கப்படுகின்றன. கடவுச்சொல் எங்கும் சேமிக்கப்படுவதில்லை என்பது இதன் சிறப்பு. உள்ளடுக்கு தவிர்க்கப்படுவதால், பயனர் பெயரையும் விலேன் போன்ற கொள்கைகளையும் அமர்வோடு சேர்த்து வைத்தாக வேண்டும் என்பது இதன் விலை. உள்ளடுக்கு வெற்றியோடு முடிந்த பிறகே அமர்வை மீட்கத் தக்கதாகக் கொள்ள வேண்டும். இதில் நேர்ந்த பிழையால் உள்ளடுக்குச் சரிபார்ப்பையே தாண்டிச் செல்ல இடமளித்த ஓட்டை 2017இல் ஃப்ரீரேடியஸில் கண்டறியப்பட்டு 3.0.14 பதிப்பில் அடைக்கப்பட்டது. இம்முறைக்குள்ளும் இரு கிளைகள் உண்டு. அமர்வைச் சேவையகமே வைத்திருந்தால், வேண்டாத ஒருவரின் பதிவை மட்டும் அழிக்கலாம். டிக்கெட்டாகப் பூட்டிப் பயனரின் கருவியிடமே கொடுத்தால், பல சேவையகங்கள் ஒரே திறவியைப் பகிர்ந்துகொண்டு எளிதாக வேலை செய்யலாம். ஆனால் ஒருவரது டிக்கெட்டை மட்டும் செல்லாததாக்கும் வழி அதில் இல்லை, திறவியையே மாற்ற வேண்டும். டிஎல்எஸ் 1.3 அனுமதிக்கும் டிக்கெட் ஆயுள் அதிகபட்சம் 7 நாள். உள்நுழைவுக்கு அது மிக நீண்டது என்பதே என் கருத்து.

நான்காவது, உள்நுழைவின்போது உருவாகும் பிஎம்கே எனப்படும் முதன்மைத் திறவியை அக்சஸ் பாயிண்ட்டே நினைவில் வைப்பது; 2004இல் வந்த 802.11i என்ற வைஃபை பாதுகாப்புத் தரத்திலிருந்து இது உள்ளது. வேகத்தில் இதற்கு இணையில்லை, ஏனெனில் கோரிக்கை சேவையகத்துக்கு வருவதே இல்லை. அதனாலேயே சேவையகப் பதிவேட்டில் தடயமும் இருக்காது. பொதுவான இயல்பு ஆயுள் 43,200 வினாடி, அதாவது 12 மணி நேரம்.

அறைக்கு அறை நகரும் கருவிகளுக்காக நான்காவதைக் குறைந்த ஆயுளோடு வைத்துக்கொள்வேன். சுமையைக் குறைக்க, சேவையகத்தில் வைக்கப்படும் டிஎல்எஸ் அமர்வையும் சில நிமிடப் பயனர் பதிவையும் சேர்த்துப் பயன்படுத்துவேன். அமர்வு மீட்கப்படும் ஒவ்வொரு முறையும் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதை அந்தப் பதிவில் பார்ப்பேன். முதலாவதை, ஹாஷ் கணக்கீடுதான் தாமதத்துக்குக் காரணம் என்று அளந்து உறுதிப்படுத்தினாலன்றித் தொடமாட்டேன்.

கணக்கை முடக்கும்போது, ஆர்எஃப்சி 5176 என்ற இணையத் தர ஆவணம் வகுத்த துண்டிப்புச் செய்தியை 3799 போர்ட்டுக்கு அனுப்பினால் போதும் என்று பலரும் நம்புகிறார்கள். அது நடப்பு இணைப்பை மட்டுமே அறுக்கும். கேச் அப்படியே இருந்தால் கருவி அடுத்த வினாடியே திரும்பி வந்துவிடும். முதலில் கோப்பகத்தில் முடக்கி, அடுத்து பயனர் பதிவையும் டிஎல்எஸ் அமர்வையும் அழித்து, அதன் பின்பே துண்டிப்பை அனுப்ப வேண்டும்; துண்டிப்போடு பிஎம்கேயையும் அக்சஸ் பாயிண்ட் மறக்கிறதா என்பதை ஒவ்வொரு மாடலிலும் சோதித்துப் பார்க்க வேண்டும்.