உயிர்ப்புள்ளியியல் துறையா, நடத்தை அறிவியல் துறையா?

புகைபிடிப்பதை மக்கள் எப்படி விடுகிறார்கள், தடுப்பூசியை ஏன் தள்ளிப்போடுகிறார்கள், நடக்கச் சொன்னால் யார் உண்மையில் நடக்கிறார்கள்? இந்த மாதிரிக் கேள்விகளை எண்களைக் கொண்டு ஆராய்வதையே தொழிலாக்கிக்கொள்ள நினைப்பவருக்குப் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் நான்கு வழிகள் உண்டு. மருத்துவ, சுகாதார ஆய்வுகளுக்கான புள்ளியியலைக் கையாளும் உயிர்ப்புள்ளியியல் துறை ஒன்று. பொதுச் சுகாதாரக் கல்லூரிகளுக்குள் இருக்கும் நடத்தை அறிவியல் துறை இன்னொன்று. கணினி அறிவியல் துறை மூன்றாவது. ஆசிரியப் பதவியே வேண்டாம் என்று ஓர் ஆய்வு மையத்தில் டேட்டா நிபுணராக இருந்துவிடுவது நான்காவது. புள்ளியியல் படித்து வந்த எனக்கு முதல் இரண்டிலும் ஒரே சமயத்தில் வாய்ப்பு வந்தது. நடத்தை அறிவியல் பக்கம் போனேன், போனதில் வருத்தம் இல்லை. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகக் கடந்துவிடலாம். சம்பளம் பொதுவாகக் கணினித் துறையில் கூடுதல், அடுத்தது உயிர்ப்புள்ளியியல், அப்புறம்தான் நடத்தை அறிவியல். கருவிகளில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆர், ஸ்டேட்டா, பைத்தான் என்று எங்கே போனாலும் இதே மென்பொருள்கள்தான். வகுப்பெடுக்கும் சுமை துறையைவிடக் கல்லூரியைப் பொறுத்தது.

உயிர்ப்புள்ளியியல் துறையின் பெரிய பலம், நம் தப்பைக் கண்டுபிடிக்கக்கூடிய ஆள் பக்கத்து அறையிலேயே இருப்பது. ஒரே ஊர்க்காரர்களின் பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டால், துறைக் கருத்தரங்கிலேயே யாராவது கை தூக்கிவிடுவார். முறையியல் கட்டுரை எழுதினால் பதவி உயர்வுக் குழுவுக்கு அதன் மதிப்பு புரியும். மனம் மாறினால் வெளியேறுவதும் சுலபம். மருந்துச் சோதனை, புற்றுநோய், மரபியல் என்று எதற்கும் தாவலாம். நடத்தை ஆய்வில் சில வருடம் இருந்துவிட்டு அப்படித் தாவப் பார்த்தால், சுயவிவரத்தைப் புரட்டுபவர் 'இவர் புகையிலைக்காரர்' என்று முத்திரை குத்திவிடுவார். மறுவிற்பனை மதிப்பு என்று பார்த்தால் உயிர்ப்புள்ளியியல்தான் முன்னால் நிற்கிறது, இதில் வாதமே இல்லை.

ஆனால் அங்கே நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஒரு திட்டத்தில் 10 சதவீத நேரம், இன்னொன்றில் 15, மற்றொன்றில் 5 என்று பல குழுக்களுக்கு நேரத்தைக் கூறுபோட்டுக் கொடுத்திருப்பீர்கள். டேட்டா கோப்பு மின்னஞ்சலில் வரும், கூடவே மாறிகளின் பட்டியலும் வரும். அட்டவணை போட்டுத் திருப்பி அனுப்புவீர்கள். கட்டுரை வெளிவரும்போது ஆசிரியர் வரிசையின் நடுவில் எங்கேயோ உங்கள் பெயர் இருக்கும். பெயர் நடுவில் வருவதை நான் பெரிதுபடுத்தவில்லை. டேட்டா மின்னஞ்சலில் வருகிறது என்பதுதான் எனக்குப் பிரச்சினை.

நடத்தை ஆய்வில் முடிவைப் புரட்டிப் போடும் விஷயங்கள் பெரும்பாலும் நாம் போடும் புள்ளியியல் மாதிரியுருவுக்குள் இருப்பதில்லை. எதை நடத்தை என்று எண்ணினார்கள், யாரிடம் கேட்டார்கள், பதில் வராததை என்னவென்று எழுதினார்கள் என்பதில் இருக்கின்றன. இவையெல்லாம் டேட்டா பிறக்கும் இடத்தில் முடிவாகிவிடும். நாம் அங்கே இல்லையென்றால் நமக்குத் தெரியவே வராது.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 1984 முதல் நடத்திவரும் பி.ஆர்.எஃப்.எஸ்.எஸ். தொலைபேசிக் கணக்கெடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் புகை, மது, உடற்பயிற்சி என்று எல்லாம் கேட்கிறார்கள். 2011-இல் இரண்டு மாற்றங்கள் செய்தார்கள். கைபேசி மட்டும் வைத்திருப்பவர்களைச் சேர்த்தார்கள், ஒவ்வொருவர் பதிலுக்கும் எவ்வளவு எடை கொடுப்பது என்ற கணக்கையும் மாற்றினார்கள். இது தெரியாமல் 2005 முதல் 2015 வரை ஒரு கோடு போட்டால், பல மாநிலங்களில் புகைபிடிப்போர் விகிதம் 2011-இல் திடீரென்று ஏறியதுபோல் தெரியும். மக்கள் மாறவில்லை, கேட்கப்பட்ட ஆட்களும் கணக்கிட்ட முறையும்தான் மாறின. 2011-ஐப் புதிய தொடக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சி.டி.சி. தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது. பெரிய அமைப்பு, எழுதிவைத்தது. நாம் வேலை பார்க்கும் சின்னத் திட்டங்களில் இதை யார் எழுதிவைப்பார்கள்?

இன்னொரு உதாரணம், அமெரிக்காவின் தேசிய உடல்நல, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பான என்ஹேன்ஸ் ஆய்வு. 2003-04 சுற்றில் இடுப்பில் அசைவுமானியைக் கட்டி மக்களின் உடலசைவை ஏழு நாள் அளந்தார்கள். பரிந்துரைத்த அளவு உடற்பயிற்சி செய்த பெரியவர்கள் கருவிக் கணக்கில் 5 சதவீதத்துக்கும் குறைவு. அவர்களாகச் சொன்ன கணக்கு அதைவிடப் பல மடங்கு. 'மக்கள் பொய் சொல்கிறார்கள்' என்று இதைச் சுருக்குவது வழக்கம். எனக்கு அதைவிடச் சுவாரசியமானது கருவிக் கணக்கின் உள்ளே இருப்பது. ஏறக்குறைய 60 நிமிடம் தொடர்ந்து பூஜ்யம் பதிவானால் கருவியைக் கழற்றிவைத்துவிட்டார் என்று கொண்டார்கள். ஒரு நாளில் 10 மணி நேரமாவது அணிந்திருந்தால்தான் அந்த நாள் செல்லும். சரி, வயதான ஒருவர் நாற்காலியில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால்? நாம் தேடுவதே அந்த உட்கார்ந்திருத்தலைத்தான், அதையே 'அணியவில்லை' என்று எடுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. அந்த 60-ஐ 90 ஆக்கலாமா என்பது புள்ளியியல் கேள்வி போலத் தெரியும். பதில் சொல்ல மனிதர்கள் எப்படி உட்காருகிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும்.

புகையை விட முயல்பவர்களுக்குக் கைபேசியில் நாளுக்குச் சில தடவை கேள்வி அனுப்பும் ஆய்வு ஒன்றில் நான் இருந்தேன். இந்த வகைச் சோதனைகளில், கடைசித் தொடர்பில் ஆள் கிடைக்கவில்லையென்றால் மறுபடி புகைக்கத் தொடங்கிவிட்டார் என்றே கொள்வது பழைய மரபு. புகை நிறுத்தச் சோதனைகளுக்கென்று 2005-இல் வந்த ரஸ்ஸல் தரநிலையும் அப்படித்தான் சொல்கிறது. ஆறு மாதம் கழித்து ஒரு தடவை கேட்கும் கேள்விக்கு அது நியாயமான விதி. தினமும் கேட்கும் கேள்விக்கு? எங்கள் ஆய்வில் மாலைக் கேள்விகளுக்கு ஒரு கூட்டம் பதிலே போடவில்லை. கோப்பை மட்டும் பார்த்திருந்தால் 'மாலையில்தான் தவறுகிறார்கள்' என்று அழகான ஒரு கண்டுபிடிப்பு கிடைத்திருக்கும். வாரக் கூட்டத்தில் களப்பணியாளர் ஒருவர் போகிறபோக்கில் சொன்னார், "அவங்கெல்லாம் ரெண்டாம் ஷிஃப்ட் சார், போனை லாக்கர்ல வச்சுட்டுதான் உள்ள போகணும்." அந்தக் கூட்டத்தில் நான் உட்கார்ந்திருந்தது துறைச் சகா என்பதால். வேறு துறையிலிருந்து 10 சதவீத நேரம் கொடுப்பவரைக் களப்பணிக் கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்ற மரியாதைதான் காரணம்.

என் கட்சிக்கு எதிரான வலுவான சாட்சி சூசன் மர்ஃபி. அவர் புள்ளியியலாளர். ஹார்ட்ஸ்டெப்ஸ் என்ற நடைப்பயிற்சிச் செயலியின் ஆய்வில் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு ஐந்து தடவை, ஆறு வாரம், யோசனை அனுப்புவதா வேண்டாமா என்று குலுக்கிப்போட்டு முடிவு செய்தார்கள். ஓர் ஆளுக்கு 210 தருணங்கள். இந்த நுண் சமவாய்ப்புச் சோதனை முறையே அவரும் நடத்தை ஆய்வாளர்களும் சேர்ந்து வளர்த்தது. ஆக, புள்ளியியல் துறையில் இருந்துகொண்டே டேட்டா பிறக்கும் இடத்தில் நிற்க முடியும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இடத்துக்கு அழைக்கப்பட ஒரு பெயர் வேண்டும். புதிதாகச் சேரும் உதவிப் பேராசிரியருக்கு எந்தக் கூட்டத்துக்கு அழைப்பு வரும் என்பதை அவருடைய அறை எந்த மாடியில் இருக்கிறது என்பதே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது.

நடத்தை அறிவியல் துறைக்குப் போனால் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. முதல் விலை, தனிமை. என் நிரலைப் படித்துப் பார்த்துத் தப்புச் சொல்ல அந்தத் தளத்தில் ஆள் கிடையாது. யாரும் கேள்வி கேட்காததால் நாம் சொல்வதெல்லாம் சரி என்று நமக்கே தோன்ற ஆரம்பிக்கும், அது நல்லதில்லை. இரண்டாவது, 'நம்ம டேட்டா ஆள்' ஆகிவிடுவது. நாளை காலை ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாணவர் முதல் நாள் மாலை, முடிவு தற்செயலா என்று பார்க்க உதவும் பி-மதிப்போடு வந்து நிற்பார். மூன்றாவது, கோட்பாட்டுச் சுமை. நடத்தை எதனால் உண்டாகிறது என்று விளக்க 2011-இல் வந்த காம்-பி மாதிரி, நடத்தையை மாற்றும் 93 நுட்பங்களை 2013-இல் பட்டியலிட்ட வகைப்பாடு என்று இந்தத் துறைக்கென்றே ஒரு மொழி இருக்கிறது. அதைக் கற்கும் காலத்தில் நம் புள்ளியியல் துருப்பிடிக்கும்.

நான்காவதுதான் கனமானது, பணம். சம்பளத்தின் ஒரு பகுதியை ஆய்வு மானியத்திலிருந்து நாமே கொண்டுவர வேண்டிய அமைப்புகளில், பல திட்டங்களில் சிறு பங்கு வைத்திருக்கும் உயிர்ப்புள்ளியியலாளர் ஒரு மானியம் போனாலும் தாக்குப்பிடிப்பார். சொந்தமாக ஒன்றிரண்டு திட்டம் நடத்துபவருக்கு அந்த மெத்தை இல்லை. அதற்காகப் பொது டேட்டாவை நம்பிக் காலம் தள்ளலாம் என்றும் இருக்க முடியாது. வளரும் நாடுகளில் மக்கள்தொகை, சுகாதாரம் பற்றி 1984 முதல் நடந்துவந்த டி.எச்.எஸ். கணக்கெடுப்புத் திட்டமே 2025-இல் அமெரிக்க நிதி நின்றதும் தடைபட்டது.

சேருவதற்கு முன் நான் வற்புறுத்திக் கேட்டு வாங்கியது உயிர்ப்புள்ளியியல் துறையில் ஓர் இணைப் பதவி. சம்பளம் இல்லாத வெறும் பெயர்ப் பதவிதான். ஆனால் அவர்கள் கருத்தரங்கில் உட்காரலாம், அவர்கள் மாணவரை அவர்களோடு சேர்ந்து வழிநடத்தலாம், என் நிரலைக் காட்டித் திட்டு வாங்கலாம். தனிமைக்கு இதைவிட நல்ல மருந்து தெரியவில்லை. கூடவே, துறையிலிருந்து போகும் ஒவ்வொரு மானிய விண்ணப்பத்திலும் பகுப்பாய்வு நேரத்துக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்கினேன். கட்டுரைகளில் யார் எதைச் செய்தார் என்பதை 14 பங்களிப்பு வகைகளாகப் பிரித்துச் சொல்லும் கிரெடிட் முறை பல இதழ்களில் வந்துவிட்டது. 'டேட்டா பராமரிப்பு', 'மென்பொருள்' இரண்டும் அதில் தனி வகைகள். பதவி உயர்வுக் குழு அதைப் படிக்கிறதா என்பது வேறு கதை.

மற்ற இரண்டு வழிகளைப் பற்றி என் அனுபவம், அங்கே இருப்பவர்களோடு சேர்ந்து வேலை பார்த்த அளவுதான். கணினித் துறையின் கவர்ச்சி புரிகிறது, டேட்டா கடல்போல் இருக்கும். ஆனால் குழாய் அடுத்தவர் வீட்டில் இருக்கிறது. தேடல் சொற்களை வைத்துக் காய்ச்சலைக் கணித்த கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸ் 2008-இல் வந்தது, 2012-13 பருவத்தில் எக்கச்சக்கமாகக் கூட்டிச் சொன்னது, 2015-இல் மூடப்பட்டது. ஆய்வாளர்களுக்கு ட்விட்டர் கொடுத்துவந்த இலவச அணுகல் 2023-இல் நின்றது, அதை நம்பி ஆய்வேடு தொடங்கியவர்கள் பாதியில் தலைப்பு மாற்றினார்கள். படம், குரல், உணரித் தரவு என்று கருவி சார்ந்த கேள்விகளில் ஆர்வம் உள்ளவருக்கு அங்கே நல்ல வாழ்க்கை இருக்கலாம். ஆய்வு மையப் பணியில் இருப்பவர்கள் கையில் அருமையான வேலை நடக்கிறது, டேட்டாவுக்கு மிக அருகில் இருப்பவர்களும் அவர்கள்தான். ஆனால் ஒப்பந்தம் மானியத்தோடு முடியும், கேள்வியும் அவர்களுடையது அல்ல. கேள்வி தன்னுடையதாக இருக்க வேண்டும் என்ற அரிப்பு இல்லாதவருக்கு அது ஒரு குறையாகவே தோன்றாது.

நேர்முகத்துக்குப் போனால் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள். உங்கள் கடைசி ஆய்வின் கேள்வித்தாளை இறுதி செய்த கூட்டத்தில் பகுப்பாய்வு செய்தவர் இருந்தாரா? 'இருந்தார், இந்தக் கேள்வியை அவர்தான் மாற்றச் சொன்னார்' என்று குறிப்பாகப் பதில் வந்தால் அது உயிர்ப்புள்ளியியல் துறையாக இருந்தாலும் சேரலாம். நடத்தை அறிவியல் துறை இணைப் பதவி தர மறுத்து, 'டேட்டா வந்ததும் உங்களிடம் கொடுத்துவிடுவோம்' என்று சொன்னால் அங்கே போக வேண்டாம். இரண்டு பக்கத்து நஷ்டமும் ஒருசேரக் கிடைக்கும் இடம் அது. அதற்கு உயிர்ப்புள்ளியியலே மேல், சம்பளமாவது கூட வரும்.