சொந்தக் காசில் ஓட்டுவதா, ஃபண்டிங் எடுப்பதா?

ஸ்டார்ட்அப் தொடங்கும் எல்லோருக்கும் சீக்கிரமே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. ஃபண்டிங் என்றால் கம்பெனியின் பங்கைக் கொடுத்து வெளி முதலீட்டாளரிடம் பணம் வாங்குவது. பலர் இதைத் தைரியத்தை வைத்துப் பேசுகிறார்கள். ஃபண்டிங் வாங்கினால் பெரிய கனவு உள்ளவர், வாங்காவிட்டால் பயந்தவர் என்பது ஒரு கட்சி. வாங்கினால் கம்பெனியை அடகு வைத்தவர், வாங்காவிட்டால் மானஸ்தர் என்பது எதிர்க்கட்சி. எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. உங்கள் தொழில் எவ்வளவு வேகமாக வளர்ந்தாக வேண்டும், அந்த வேகத்தை யார் முடிவு செய்வது என்பதை வைத்துத்தான் இதைத் தீர்மானிக்க முடியும்.

சொந்தக் காசுப் பாதையின் பெரிய வரவு, தப்பு செய்து திருந்த நேரம் கிடைப்பது. வாடிக்கையாளர்களுக்கு மொத்தமாக மின்னஞ்சல் அனுப்ப உதவும் மெயில்சிம்ப்பைப் பாருங்கள். 2001-இல் ஒரு வெப் டிசைன் நிறுவனத்தின் பக்கவேலையாகத் தொடங்கியது. நிறுவனர்கள் அதை முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டது 2007-இல்தான். வெளி முதலீடே வாங்காமல் வளர்ந்த அந்த நிறுவனத்தை 2021-இல் கணக்கு மென்பொருள் நிறுவனமான இன்ட்யூட் சுமார் 1,200 கோடி டாலருக்கு வாங்கியது. முதல் ஆறு வருடம் மெதுவாக நகர்ந்த ஒரு கம்பெனியை எந்த முதலீட்டாளர் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்?

இன்னொரு வரவும் உண்டு. கையில் காசு குறைவாக இருந்தால், யாராவது பணம் கொடுத்து வாங்குகிற பொருளை முதல் நாளிலிருந்தே செய்தாக வேண்டும். வாடிக்கையாளர் காட்டும் ஆர்வம் வேறு, அவர் கட்டும் பணம் வேறு என்பது உடனே விளங்கிவிடும். ஒரு வருடச் சந்தாவை முன்பணமாக வாங்க முடிந்தால் அதைவிட நல்ல முதலீடு கிடையாது: பங்கு போகாது, வட்டி இல்லை, பொருள் தேவைதான் என்பதற்குச் சாட்சியும் கையில் இருக்கும்.

ஆனால் இந்தப் பாதையின் பள்ளங்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. சொந்தப் பொருள் செய்யக் காசு வேண்டும் என்று பிறருக்கு வேலை செய்து கொடுக்க ஆரம்பிப்பார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் அந்த வேலை மட்டும்தான் நடந்துகொண்டிருக்கும், பொருள் அப்படியே கிடக்கும். வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தால், பங்கு வாங்காத முதலாளி ஒருவர் வந்துவிட்டார் என்று அர்த்தம். எல்லாவற்றிலும் ஆபத்தானது குடும்பச் சேமிப்பு. எந்தத் தொகையோடு நிறுத்துவது என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி, வீட்டில் இருப்பவர்களிடம் காட்டிவிடுங்கள். பாதி வழியில் அந்தக் கோட்டைப் போட யாருக்கும் மனது வராது.

சரி, ஃபண்டிங் பக்கம் வருவோம். முதலில் முதலீட்டாளரின் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். பலரின் பணத்தைத் திரட்டி ஸ்டார்ட்அப்களில் போடும் வென்ச்சர் ஃபண்டுகளுக்குப் பொதுவாகப் பத்து வருட ஆயுள். அதற்குள் பணத்தைப் பெருக்கித் திருப்பித் தர வேண்டும். அவர்கள் பணம் போட்ட கம்பெனிகளில் பல மூடப்படும், அந்த நஷ்டத்தை ஓரிரண்டு பெரிய வெற்றிகள்தான் ஈடுகட்டும். அதனால் வருடா வருடம் நிதானமாக லாபம் தரும் ஒரு நடுத்தரக் கம்பெனி உங்களுக்குப் பெருமை, அவர்களுக்கு ஏமாற்றம். இதில் யாரும் கெட்டவர் இல்லை, இரண்டு பேரின் கடிகாரமும் வேறு, அவ்வளவுதான். வாங்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்ளாததுதான் பிறகு சண்டையாக வருகிறது.

அடுத்தது பங்குக் கணக்கு. ஃபண்டிங் வாங்கும் ஒவ்வொரு சுற்றிலும் 20% பங்கு கொடுத்தால் மூன்று சுற்றுக்குப் பிறகு நிறுவனர்களிடம் மிஞ்சுவது 51.2%. இரண்டு பேர் என்றால் ஆளுக்குக் கால்வாசி. ஊழியர்களுக்கு ஒதுக்கும் பங்கால் இதுவும் குறையும். இதையாவது எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். பலர் கவனிக்காமல் விடுவது, விற்கும்போது முதலீட்டாளர் தன் பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் முன்னுரிமையை. 20% பங்குக்கு ஒருவர் 10 கோடி போட்டிருக்கிறார், கம்பெனி 12 கோடிக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 80% இருப்பதால் 9.6 கோடி வரும் என்று நினைப்பீர்கள். வழக்கமான ஒப்பந்தப்படி அவர் 10 கோடியை முதலில் எடுத்துக்கொள்வார், மீதி 2 கோடிதான் உங்கள் பக்கம் வரும். விலை 50 கோடியைத் தாண்டும்வரை அவருக்குப் போவது 20 சதவீதத்துக்கு மேல்தான். மீதியிலும் பங்கு உண்டு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தால் அந்த 2 கோடியிலும் குறையும்.

பணம் அதிகமாக வருவதே ஆபத்தாவதும் உண்டு. இணையத்தில் மளிகை விற்ற வெப்வேன் 1999-இல் சேவையைத் தொடங்கியது. முதல் ஊரிலேயே லாபம் வருமா என்று தெரிவதற்கு முன், அதே வருடம் 100 கோடி டாலருக்குக் கிடங்குகள் கட்ட ஒப்பந்தம் போட்டது. 2001-இல் திவால். மளிகையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது நடக்காத காரியம் இல்லை என்பதைப் பின்னால் வந்தவர்கள் காட்டிவிட்டார்கள். வெப்வேன் அகலக் கால் வைத்தது, அதற்குத் துணைபோனது கையில் இருந்த பணம்.

அப்படியென்றால் ஃபண்டிங்கே வேண்டாமா? புது மருந்து, சிப், ராக்கெட் போன்றவற்றில் முதல் வருமானம் வரவே பல வருடமாகும். அங்கே வெளிப்பணம் இல்லாமல் வேலை நடக்காது. ஆள் சேரச் சேரத்தான் மதிப்பு கூடும் தொழில்களும் அப்படித்தான்: வாங்குபவரும் விற்பவரும் சந்திக்கும் தளத்தில் முந்தியவரிடமே கூட்டம் சேரும், பிந்தியவர் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பயனில்லை. போட்டியாளர் உங்களைவிட மூன்று மடங்கு வேகமாக ஓடினால் உங்கள் கம்பெனி செத்துவிடுமா? ஆம் என்றால் ஃபண்டிங் எடுங்கள். கொஞ்சம் வாடிக்கையாளர்கள்தான் குறைவார்கள் என்றால் சொந்தக் காசிலேயே போங்கள். கணக்கு மென்பொருள், சிறு நிறுவனங்களுக்கான சேவை, பயிற்சி போன்ற பெரும்பாலான தொழில்கள் இரண்டாவது வகை என்பது என் எண்ணம்.

நடுவழியும் இருக்கிறது, எனக்கு அதுதான் பிடித்தது. மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2008-இல் தொடங்கி, நாலு வருடம் சொந்த வருமானத்திலேயே ஓடியது. அப்புறம்தான் 2012-இல் 10 கோடி டாலர் முதலீட்டை முதன்முறையாக வாங்கியது. 2018-இல் மைக்ரோசாஃப்ட் அதை 750 கோடி டாலருக்கு வாங்கியது. வருமானம் வந்துகொண்டிருக்கும்போது முதலீட்டாளரோடு பேசுவதும், சம்பளத்துக்குக் காசில்லாமல் அவர் வாசலில் நிற்பதும் ஒன்றல்ல.

எந்தப் பாதையானாலும் கையிருப்பை மாதச் செலவால் வகுத்து, எத்தனை மாதம் தாங்கும் என்பதை மாதந்தோறும் எழுதி வையுங்கள். ஃபண்டிங் பேச்சுவார்த்தைக்கே ஆறு மாதம் ஆகலாம் என்பதால், அந்த எண் ஒன்பதுக்கு இறங்கும் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். முதலீட்டாளரைச் சந்திக்கும்போது, "நாங்கள் வருடத்துக்கு 30% மட்டுமே வளர்ந்து, லாபத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். அவர் ஏற்கெனவே பணம் போட்ட, நினைத்த அளவு வளராத கம்பெனிகளின் நிறுவனர்கள் இரண்டு பேரிடமும் அதையே விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.